பிளாட்டினம் – பாஸ்பீன் அணைவுகளின் அமைப்பறிதலும் தமிழ்க் கலைச்சொற்களும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பாஸ்பரஸ்-31 அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையைக் கொண்டு பிளாட்டினம் பாஸ்பீன் அணைவுச் சேர்மங்களின் வடிவத்தை அறியும் முறை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைபெற்றுள்ளது. இதனைத் தமிழில் எழுத முற்படுவோர்க்கு எளிதில் கைவரும் சொற்களுள் சில, நிறமாலையில் காணப்படுவதையும் அதிலிருந்து உய்த்துணரப்படுவதையும் ஒன்றாக்கிவிடுகின்றன. ‘பிணைப்பு மாறிலி’ என்னும் சொல் அவற்றுள் தலையாயது. அளவீட்டின் எண் வேதிப்பிணைப்பின் வலிமையைக் குறிக்கிறதா என்பது இத்துறையில் வாதிட்டுத் தெளியவேண்டிய வினாவாக இருந்தது. அச்சொல்லோ வினா எழுமுன்னரே விடையைத் தந்துவிடுகிறது. இக்கட்டுரை அந்தச் சிக்கலை ஆராய்ந்து, திருச்சுழி, அருப்புக்கோட்டை போன்ற வட்டாரங்களில் தமிழ்வழியில் வேதியியல் கற்போரின் நிலையிலிருந்து மாற்றுச் சொற்களை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: அணைவுச் சேர்மம், ஈனி, பாஸ்பீன், அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, ஊடாட்ட மாறிலி, கலைச்சொல்லாக்கம்.

வடிவம் அறியப்பட்ட வகை

அணைவு வேதியியலைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் காணும் படங்களுள் ஒன்று சதுரத் தள அமைப்புடைய பிளாட்டினம் சேர்மத்தின் இரு வடிவங்கள். நடுவில் பிளாட்டினம், நான்கு மூலைகளில் இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா. ஒத்தவை அடுத்தடுத்த மூலைகளில் நின்றால் சிஸ், எதிரெதிர் மூலைகளில் நின்றால் டிரான்ஸ். முன்னது புற்றுநோய்க்கு மருந்து, பின்னது அன்று என்ற செய்தியும் உடன் வரும். இவ்வளவும் சரியே. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூற்றில் எது எந்த மூலையில் நிற்கிறது என்பது எவ்வாறு அறியப்பட்டது என்ற வினா மட்டும் படத்தின் அருகே இடம்பெறுவதில்லை.

அந்த வினாவிற்குத் தனி வரலாறு உண்டு. பெய்ரோன் 1840களில் தயாரித்த பொருளுக்கும் அதே இயைபுடைய மற்றொரு பொருளுக்கும் வேறுபாடு உண்டென்பது முதலில் வேதிப்பண்புகளால் தெரிந்தது. ஒரே இயைபில் இரண்டு பொருள்கள் இருப்பதைக் கொண்டே, மூலக்கூறு நான்முகியாக இருக்கவியலாது, சதுரத் தளமாகவே இருத்தல் வேண்டும் என்று 1893இல் வெர்னர் வாதிட்டார். நான்முகியில் எந்த இரு மூலைகளும் ஒன்றுக்கொன்று அண்டையே. அங்கு இரண்டாவது வடிவத்திற்கு இடமில்லை. கருவி ஏதுமின்றி, எண்ணிக்கையை மட்டும் கொண்டு நிகழ்த்தப்பட்ட உய்த்துணர்வு அது.

பாஸ்பீன் ஈனிகளைக் கொண்ட சேர்மங்களுக்கு வேறொரு வழி தேவைப்பட்டது. 1936இல் டென்மார்க்கின் ஜென்சன் இருமுனைத் திருப்புத்திறனை அளந்தார். டிரான்ஸ் வடிவத்தில் எதிரெதிர்ப் பிணைப்புகளின் திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும்; சிஸ் வடிவத்தில் நீங்கா. முறை தெளிவானது. ஆனால் பொருள் தூயதாக இருக்கவேண்டும், முனைவற்ற கரைப்பானில் கரையவும் வேண்டும். இரண்டு வடிவங்களும் கலந்திருந்தால் கிடைப்பது ஒரு சராசரி எண் மட்டுமே. கலவையையும் கலவையாகவே காட்டக்கூடிய முறை பாஸ்பரஸ் நிறமாலையோடுதான் வந்தது.

நிறமாலையில் காணப்படுவது

இயற்கையில் கிடைக்கும் பாஸ்பரஸ் முழுவதும் நிறை எண் 31 உடைய ஒரே ஐசோடோப்பு. அதன் அணுக்கருவின் சுழல் எண் 1/2. புரோட்டான் 400 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும் காந்தப்புலத்தில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 162 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். அதன் ஏற்புத்திறன் புரோட்டானுடையதில் 6.6 விழுக்காட்டளவே; எனினும் நூற்றில் ஒன்றாக மட்டும் கிடைக்கும் கார்பன்-13 உடன் ஒப்பிட அது பெருஞ்செல்வம். ஒத்தீட்டுப் பொருள் 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலம். அதன் நிலை சுழியம் எனக் கொள்ளப்படுகிறது.

பிளாட்டினத்தின் நிலை வேறு. அதன் ஐசோடோப்புகளுள் நிறை எண் 195 உடையது மட்டுமே 1/2 சுழல் எண் கொண்டது. அதன் பங்கு 33.8 விழுக்காடு. ஆகவே ஒரு குடுவையிலுள்ள மூலக்கூறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் பாஸ்பரஸின் அருகே காந்தப்பண்புடைய பிளாட்டினம் அமர்ந்திருக்கும். எஞ்சிய மூலக்கூறுகளின் பாஸ்பரஸ் நடுவில் ஒற்றைக் கோடாகத் தோன்றும். பிளாட்டினம்-195 உடையவற்றின் பாஸ்பரஸ் கோடு இரண்டாகப் பிளந்து நடுக்கோட்டின் இருபுறமும் சம தொலைவில் நிற்கும். நடுவில் 66.2, பக்கத்திற்கு 16.9, சுருங்கச் சொன்னால் 1:4:1.

இந்த மூன்று கோட்டு வடிவமே முதற்சான்று. பாஸ்பரஸ் பிளாட்டினத்தோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது என்பதை அது அறிவிக்கிறது. பக்கக் கோடுகளை மாசு எனக் கருதி ஒதுக்குவதும், நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கக் கோட்டுக்குள்ள தொலைவை முழு மதிப்பெனக் கொள்வதும் தொடக்கநிலையில் நேரும் பிழைகள். பக்கக் கோடுகள் இரண்டுக்கும் இடைப்பட்ட முழுத் தொலைவே மதிப்பு. நடுக்கோட்டிலிருந்து அளந்தால் பாதிதான் கிடைக்கும். ‘சாட்டிலைட்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் இப்பக்கக் கோடுகளுக்குத் ‘துணைக்கோள்’ என்று எழுதினால் வானில் சுற்றும் பொருளே நினைவுக்கு வரும். ‘துணைமுகடு’ போதும்.

நிறமாலையின் கிடையச்சு பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகில் வரையப்படுகிறது. அவ்வலகில் துணைமுகடுகளின் தொலைவு கருவிக்குக் கருவி மாறும். பாஸ்பரஸ் 162 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும் கருவியில் 22.7 அலகாகத் தோன்றும் பிளவு, 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 30.2 அலகாகத் தோன்றும். கருவியின் அதிர்வெண்ணால் பெருக்கி ஹெர்ட்ஸாக மாற்றினால் இரண்டும் ஒன்றே: சுமார் 3670. இந்த எண் மூலக்கூற்றுக்கு உரியது, கருவிக்கு உரியதன்று.

டிரைபினைல்பாஸ்பீன் இரண்டும் குளோரின் இரண்டும் கொண்ட பிளாட்டினம் சேர்மத்தின் சிஸ் வடிவத்திற்குரிய மதிப்புதான் 3670 ஹெர்ட்ஸ். அதன் டிரான்ஸ் வடிவத்திற்கு அது ஏறத்தாழ 2630 ஹெர்ட்ஸாகக் குறைகிறது. டிரைபியூட்டைல்பாஸ்பீன் சேர்மங்களில் சிஸ் 3508, டிரான்ஸ் 2380. பாஸ்பீன் மாறினாலும் இடைவெளி ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கிறது. இரண்டு வடிவங்களும் ஒரே குழாயில் கலந்திருந்தாலும் இரண்டு தொகுதிக் கோடுகள் தனித்தனியே தெரியும். ஒரு வடிவம் மற்றொன்றாக மாறுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கவும் இயலும்.

எண்ணிலிருந்து பிணைப்புக்கு

சிஸ் வடிவத்தில் ஏன் கூடுதல்? டிரான்ஸில் ஏன் குறைவு? 1960களில் இவ்வினாவிற்கு முன்னிருந்த விளக்கம், பிளாட்டினம் தன் டி-எலக்ட்ரான்களைப் பாஸ்பரஸுக்குத் திருப்பித் தரும் பை-பிணைப்பு பற்றியது. எதிரெதிரே நிற்கும் இரண்டு பாஸ்பரஸ்கள் ஒரே டி-ஆர்பிட்டாலுக்குப் போட்டியிடுவதால் இரண்டின் பிணைப்பும் தளர்கிறது, அதனால் எண் குறைகிறது என்பது அதன் சாரம். 1966இல் பிட்காக், ரிச்சர்ட்ஸ், வெனான்சி மூவரும் எழுதிய கட்டுரை இதனை மறுத்தது. ஆக்சிஜனேற்ற நிலை +2 உடைய பிளாட்டினத்தையும் +4 உடையதையும் அவர்கள் ஒப்பிட்டனர். +4 நிலையில் உலோகம் எலக்ட்ரான் வறட்சியில் இருப்பதால் திருப்பித் தருவது மிகக் குறைவாக இருக்கவேண்டும். பை-பிணைப்பே காரணமாயின் சிஸ், டிரான்ஸ் வேறுபாடு அங்கு மங்கிப்போதல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. எண்கள் குறைந்தன, ஆனால் சிஸ் மதிப்புக்கும் டிரான்ஸ் மதிப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய மாறாது நின்றது. காரணத்தைச் சிக்மா பிணைப்பில்தான் தேடவேண்டும் என்பது அவர்கள் முடிபு. ஓர் ஈனி தனக்கு எதிர்மூலையில் உள்ள பிணைப்பைத் தளர்த்தும் இப்பண்பை அவர்கள் டிரான்ஸ் செல்வாக்கு என்று வரையறுத்தனர். வினைவேகம் பற்றியதும் 1926 முதல் செர்ன்யாயெவின் பெயரோடு வழங்கிவந்ததுமாகிய டிரான்ஸ் விளைவிலிருந்து இது வேறானது என்பதும் அதனால் தெளிவாயிற்று. இரண்டையும் ‘விளைவு’ என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்ப்பது அந்த உழைப்பை வீணாக்குவதாகும்.

அடுத்த ஆண்டே கிரிம், கீட்டர், மக்ஃபார்லேன் மூவரும் பல்வேறு மூவிணையப் பாஸ்பீன்களின் பிளாட்டினம் சேர்மங்களை அளந்து வெளியிட்டனர். அதனால் எண்களின் தொகுதி விரிந்தது. எக்ஸ் கதிர்ப் படிகவியலும் துணைநின்றது. டிரைமெத்தில்பாஸ்பீன் சிஸ் சேர்மத்தில் பிளாட்டினம் – பாஸ்பரஸ் நீளம் 2.24 முதல் 2.26 ஆங்ஸ்ட்ராம், டிரைஎத்தில்பாஸ்பீன் டிரான்ஸ் சேர்மத்தில் ஏறத்தாழ 2.30. குளோரின் பிணைப்பு இதற்கு மறுதலையாக நடந்துகொள்கிறது. பாஸ்பரஸுக்கு எதிரே நிற்கும்போது 2.36 முதல் 2.39 வரை நீள்கிறது. மற்றொரு குளோரினுக்கு எதிரே நின்றால் 2.29 ஆகச் சுருங்குகிறது. எண் கூடிய இடத்தில் பாஸ்பரஸ் பிணைப்பு குறுகியிருக்கிறது, எண் குறைந்த இடத்தில் நீண்டிருக்கிறது. இங்கு எண்ணும் பிணைப்பும் கைகோத்தே நடக்கின்றன.

இந்த இணக்கத்தைக் கண்டு ‘எண் பெரிதாயின் பிணைப்பு வலிது’ என்று பொதுவிதி செய்துவிடலாமா? இங்குதான் கட்டுரையாளர் பலர் வழுக்குகின்றனர். டிரைஎத்தில் பாஸ்பைட்டு ஈனியாக உள்ள சிஸ் குளோரின் சேர்மத்தில் மதிப்பு 5700 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. பாஸ்பீன் சேர்மத்தைப்போல் அது ஒன்றரை மடங்கு வலிய பிணைப்பு என்று எவரும் கருதுவதில்லை. பாஸ்பரஸைச் சுற்றி ஆக்சிஜன் வரும்போது அதன் தனித்த இரட்டை எலக்ட்ரானில் எஸ்-பங்கு கூடுகிறது, எலக்ட்ரான்கள் அணுக்கருவை நெருங்குகின்றன. எண் உயர்வதற்கு அதுவே போதும். இம்மதிப்பு இரு அணுக்கருக்களும் தத்தம் இடத்தில் உணரும் எஸ்-எலக்ட்ரான் அடர்த்தியைப் பெரிதும் சார்ந்தது. பிணைப்பின் மொத்த வலிமையை நேரடியாக அளப்பதன்று. பாஸ்பீன் மாறாதிருக்க, எதிர்மூலை மட்டும் மாறும்போது ஒப்பிடலாம். பாஸ்பீனே மாறினால் ஒப்பீடு தளர்கிறது.

மூன்று டிரைஎத்தில்பாஸ்பீனும் ஒரு குளோரினும் கொண்ட நேர்மின் அயனி இதற்கு நல்ல சான்று. ஒரே மூலக்கூற்றுக்குள் இரண்டு வகைப் பாஸ்பரஸ்கள். எதிரெதிரே நிற்கும் இரண்டும் ஒன்று, குளோரினுக்கு எதிரே நிற்பது மற்றொன்று. நிறமாலையில் இரண்டு தொகுதிகள் இரண்டுக்கு ஒன்று என்னும் பரப்பில் தோன்றும். தனித்த பாஸ்பரஸின் கோடு அண்டைப் பாஸ்பரஸ்கள் இரண்டினால் மூன்றாகவும், இணையாக நிற்பவற்றின் கோடு மற்றதனால் இரண்டாகவும் பிளந்திருக்கும்; இப்பிளவு சிறியது, 20 ஹெர்ட்ஸ் அளவினது. இரு தொகுதிகளுக்கும் இருபுறமும் பிளாட்டினத்தின் துணைமுகடுகள் உண்டு. குளோரினுக்கு எதிரே நிற்பதற்கு 3500ஐ ஒட்டியும், தம்முள் எதிர்நிற்பவற்றிற்கு 2250ஐ ஒட்டியும் மதிப்புகள் கிடைக்கின்றன. பாஸ்பீன் ஒன்றே, உலோகம் ஒன்றே, கரைப்பானும் ஒன்றே. வேறுபாட்டுக்கு எதிர்மூலை தவிர வேறு காரணம் கூற இடமில்லை.

‘பிணைப்பு மாறிலி’ என்னும் சொல்

இந்த எண்ணைத் தமிழில் எப்படி அழைப்பது? முதலில் கைக்கு வருவது ‘பிணைப்பு மாறிலி’. வேதியியல் தமிழிலோ ‘பிணைப்பு’ என்பது அணுக்களைச் சேர்த்து நிறுத்தும் வேதிப்பிணைப்புக்கு உறுதியாக உரித்தாகிவிட்டது: அயனிப்பிணைப்பு, சகப்பிணைப்பு, ஈதல் சகப்பிணைப்பு. இந்நிலையில் ‘பிளாட்டினம் – பாஸ்பரஸ் பிணைப்பு மாறிலி 3670 ஹெர்ட்ஸ்’ என்று எழுதினால் மாணவர் அதைப் பிணைப்பைப் பற்றிய மாறிலியாகவே படிப்பார். அவரைக் குறைகூற இயலாது. சொல் அப்படித்தான் சொல்கிறது. பிணைப்பு மாறிலி கூடினால் பிணைப்பு வலிது என்பது தமிழில் கிட்டத்தட்டக் கூறியது கூறல் ஆகிவிடுகிறது. 1966இல் பிட்காக் குழுவினர் வாதிட்டு நிறுவவேண்டியிருந்ததும், பாஸ்பைட்டுகளின் முன் நிற்காமற்போனதுமான ஒரு கருத்து இங்கே வாதமின்றியே ஏற்கப்படுகிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வேர்த்தொடர்பற்ற இரு சொற்கள் இருப்பதால் அம்மொழியில் எழுதுவோர் இந்த மயக்கத்திலிருந்து தற்செயலாகத் தப்பியுள்ளனர்.

‘இணைவு மாறிலி’ என மாற்றுவதும் ஒரு வழி. அதன் இடர் வேறு. பள்ளிப் பாடத்தில் ‘அணுக்கரு இணைவு’ என்பது கதிரவனில் நிகழும் வினை. ‘பாஸ்பரஸ், பிளாட்டினம் அணுக்கருக்களின் இணைவு’ என்ற தொடர் வேதிக் குடுவைக்குள் அந்த வினையைக் கொண்டுவந்துவிடும்.

இவ்விரண்டினும் ‘ஊடாட்ட மாறிலி’ பொருத்தமானது. ஓர் அணுக்கருவின் சுழல்நிலை மற்றோர் அணுக்கருவுக்குத் தெரியவருவது இடையிலுள்ள பிணைப்பு எலக்ட்ரான்களின் ஊடாகவே. ‘ஊடு’ என்னும் பகுதி அந்த வழியைச் சொல்கிறது. பிணைப்பு இங்கு வழி, அளக்கப்படும் பொருளன்று. ‘பிணைப்பினூடே நிகழும் ஊடாட்டம்’ என்று எழுதும்போது இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கின்றன.

‘வேதி இடப்பெயர்ச்சி’ என்பதிலும் இதே வகைச் சிக்கல் சிறிய அளவில் உண்டு. பத்தாம் வகுப்பிலேயே ‘ஒற்றை இடப்பெயர்ச்சி வினை’ கற்றுவந்தவர்க்கு, ஈனிகள் இடம்மாறும் சேர்மம் ஒன்றின் நிறமாலையில் ‘வேதி இடப்பெயர்ச்சி’ என்றால் ஈனி நகர்ந்தது என்றே தோன்றும். ‘வேதிப்பெயர்வு’ என்பது குறுகியது, மயக்கமும் குறைவு. சிஸ், டிரான்ஸ் இரண்டையும் ‘ஒருபக்க’, ‘மாறுபக்க’ என்பது கரிமச் சேர்மங்களின் இரட்டைப்பிணைப்புக்குப் பொருந்தும். சதுரத்திற்குப் பக்கத்தைவிட மூலையே முதன்மை. ‘அண்டைமூலை’, ‘எதிர்மூலை’ என்றால் ‘எதிர்மூலைச் செல்வாக்கு’ என்ற தொடர் தானே விளங்கும்.

நல்ல சொல்லாக்கமும் உண்டு. ‘ஈனி’ அதில் தலைசிறந்தது. எலக்ட்ரானை ஈனுவது ஈனி. கன்று ஈனும் மாட்டைப் பற்றி நாள்தோறும் பேசும் கரிசல் வட்டாரத்தில் இதற்கு உரையே வேண்டுவதில்லை. பாஸ்பீன் கொடுப்பதோடு நில்லாமல் உலோகத்திடமிருந்து சிறிது திரும்பப் பெறவும் செய்கிறது என்பதை இச்சொல் மறைக்கிறதே எனலாம். ஆனால் எதிர்மூலைச் செல்வாக்கைப் பொறுத்தவரை சான்று கொடுத்தலின் பக்கமே சாய்ந்ததால், சொல் இங்குப் பழுதுபடவில்லை.

எண் மட்டும் போதாத இடம்

இந்தியாவில் இத்துறைக்கு வலுவான மரபு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். எஸ். கிருஷ்ணமூர்த்தியின் குழு, இரு பாஸ்பரஸ்களுக்கு நடுவே நைட்ரஜன் நிற்கும் டைபாஸ்பசேன் ஈனிகளின் உலோகச் சேர்மங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தது. இவ்வகை ஈனிகள் பற்றி எம். எஸ். பாலகிருஷ்ணா, கிருஷ்ணமூர்த்தி முதலியோர் எழுதிய மீளாய்வு 1994இல் வெளிவந்தது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் விமல் கே. ஜெயின் குழுவினர் பிளாட்டினம், பல்லேடியம் பாஸ்பீன் சேர்மங்களை ஆராய்ந்தனர். கருவியியல் அறிவும் அயலாருடையதன்று. ஒத்ததிர்வு நுட்பங்கள் குறித்து 1987இல் ஸ்பிரிங்கர் வெளியிட்ட நூலை எழுதிய சந்திரகுமார், சுப்பிரமணியன் இருவரும் சென்னையில் பணியாற்றியவர்கள். இவை அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளன. 1875இல் கிறீன் வெளியிட்ட ‘கெமிஸ்தம்’ தொடங்கிய வேதியியல் தமிழ், ஆய்வுநிலைச் சான்றை எழுதும் கட்டத்திற்கு இன்னும் அரிதாகவே வந்துசேர்கிறது.

டைபாஸ்பசேன் ஈனி உலோகத்தை இரு கைகளாலும் பற்றும்போது நான்கு உறுப்பு வளையம் உண்டாகிறது. வளையம் வந்தவுடன் மேற்கண்ட எளிய எண்கள் தடுமாறுகின்றன. இதற்கு எளிய சான்று, கார்பன் சங்கிலியால் இணைந்த மூன்று இரட்டைப் பாஸ்பீன்களின் குளோரின் சேர்மங்கள். இணைக்கும் கார்பன் ஒன்றாயின் வளையம் நான்கு உறுப்புடையது. வேதிப்பெயர்வு −64ஐ ஒட்டி நிற்கும். கார்பன் இரண்டாயின் ஐந்துறுப்பு வளையம். பெயர்வு 42 முதல் 45 வரை. மூன்றாயின் ஆறுறுப்பு, −5ஐ ஒட்டி. ஒரே ஒரு கார்பன் கூடியதற்குக் கோடு நூறு அலகுக்கு மேல் தாவுகிறது, அடுத்த கார்பனுக்கு ஐம்பதளவு திரும்பி வருகிறது. 1981இல் கேரோ எழுதிய மீளாய்வு இந்த வளையப் பங்களிப்பைத் தொகுத்துக் காட்டிற்று. ஐந்துறுப்பு வளையம் கோட்டை ஒரு திசையிலும் நான்கு, ஆறு உறுப்பு வளையங்கள் மறுதிசையிலும் தள்ளுகின்றன. வளையத்தின் அளவை அறிவிப்பதில் பெயர்வுக்கு ஈடில்லை. அத்தாவலின் காரணத்தை முழுதும் விளக்குவதோ எளிதன்று.

ஊடாட்ட மாறிலியும் இங்கு நெருடுகிறது. ஐந்துறுப்பு வளையத்தில் சுமார் 3620, ஆறுறுப்பில் 3420. நான்குறுப்பில் மட்டும் 3080. இச்சேர்மங்கள் மூன்றும் சிஸ் வடிவத்தன. குறுகிய சங்கிலியால் கட்டுண்ட இரு பாஸ்பரஸ்கள் ஒரே உலோகத்தின் எதிரெதிர் மூலைகளை எட்டவே இயலாது. ஆயின் 3080 என்ற எண்ணைத் தனியே கண்டவர் அதனை 3670இன் பக்கம் சேர்ப்பாரா, 2630இன் பக்கம் சேர்ப்பாரா? ஏறத்தாழ நடுவில் நிற்கிறது. நெருக்குண்ட வளையம் பிளாட்டினத்தருகே கோணத்தைக் குறுக்கி, பிணைப்பில் எஸ்-பங்கைக் குறைத்துவிட்டது என்பது ஏற்கத்தக்க விளக்கம். எண்ணைப் பூட்டுக்குரிய சாவியாகக் கருதும் வழக்கம் இந்த ஒரு சேர்மத்தின் முன்னேயே தடைப்படுகிறது. பிரெகோசின், குன்ஸ் இருவரும் 1979இல் வெளியிட்ட நூலை மதிப்புகளின் அட்டவணையாக மட்டும் புரட்டுவோர்க்கு இந்தத் தடை தெரியாமலே போகக்கூடும்.

திருச்சுழியிலிருந்து படிக்கும்போது

விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதி கண்மாய் நிறைந்தால் விளையும் வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டை தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் வேதியியல் பயின்று பட்டப்படிப்புக்குச் செல்வோர்க்கு ஒத்ததிர்வுக் கருவி கண்காணாத பொருள். அது மதுரையிலும் சென்னையிலும் உள்ள பெருநிறுவனக் கூடங்களில் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. அவர்கள் கைக்கு வருவது அச்சிட்ட தாளில் உள்ள நிறமாலை மட்டுமே. பிளாட்டினம் பாஸ்பீன் நிறமாலையின் தனிச்சிறப்பு, அளவுகோலும் பெருக்கலும் கொண்டு தாளிலேயே அதைப் படித்துவிடலாம் என்பது. மூன்று கோடுகள், ஒரு தொலைவு, ஒரு பெருக்கல். கருவி இல்லாத கல்லூரிக்கு இதைவிட ஏற்ற பாடம் கிடைப்பது அரிது. அப்பாடத்தைத் தமிழில் தரும்போது சொல் தவறினால் மாணவருக்கு மிஞ்சுவது எண்ணும் மனப்பாடமும்தான். ஆங்கில நூலைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்க வாய்ப்புள்ளவர் தப்பிவிடுவார், இழப்பு மற்றவர்க்கே.

அணுக்கருவின் பண்பைக் குறிக்கும் ‘சுழல்’, ‘தற்சுழற்சி’ ஆகிய சொற்களையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். புவியின் தற்சுழற்சியைப் பள்ளியில் கற்றவர் அணுக்கருவும் அவ்வாறே உருளுவதாகக் கொள்வர். 1/2 என்ற எண் அவர்களுக்கு அரைச் சுற்று ஆகிவிடும். ‘சுழி’ என்ற சொல் இதற்கு ஏற்றதாகத் தோன்றுவது இயல்பே. திருச்சுழி என்ற ஊர்ப்பெயரிலேயே அது உள்ளது. பெருவெள்ளம் சுழித்து நிலத்துள் இறங்கிய தலம் என்பது அவ்வூரின் தலமரபு. அதே வட்டாரத்தில் மாடு வாங்குவோர் உடலில் சுழி பார்ப்பர். அந்தச் சுழி சுழல்வதில்லை. பிறவியிலேயே அமைந்தது, இடமோ வலமோ திசை கொண்டது. இயக்கமல்லாத, உள்ளார்ந்த, இருதிசைப்பட்ட பண்பு என்பதற்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச் சொல் இல்லை. எனினும் ஏற்க இயலவில்லை. சுழி என்பது சுழியத்தையும் குறிக்கும். ‘சுழி 1/2’ என்று எழுதினால் பூச்சியமா அரையா என்ற குழப்பம் எழும். வலஞ்சுழி, இடஞ்சுழி இரண்டையும் ஒளிசுழற்றும் மாற்றியங்கள் முன்னரே எடுத்துக்கொண்டன. ‘சுழல் எண்’ என்பதே இப்போதைக்கு நிற்கட்டும். அது உருளுதலைக் குறிப்பதன்று என்ற ஒரு வரி உடனிருந்தால் போதும்.

தேர்வுத்தாளில் வைக்கத்தக்க ஒரு வினா இவ்வாறு அமையலாம். பிளாட்டினம் ஒன்றும் குளோரின் இரண்டும் பாஸ்பரஸ் இரண்டும் கொண்ட சேர்மத்தின் நிறமாலையில், பாஸ்பரஸ் 162 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும் கருவியில், −54.5, −64, −73.5 ஆகிய இடங்களில் 1:4:1 என்னும் உயரத்தில் மூன்று கோடுகள் தோன்றுகின்றன. சேர்மத்தின் வடிவம் யாது, அதற்குரிய சான்று யாது? மாணவர் 19ஐ 162ஆல் பெருக்கி 3078 ஹெர்ட்ஸ் எனக் காண்பார். அந்தப் பெருக்கலுக்கு இரண்டு மதிப்பெண் தரலாம். அந்த எண் ஏன் தனியே வடிவத்தை முடிவுசெய்யாது என்பதற்கும், −64 என்ற பெயர்வு எவ்வாறு நான்குறுப்பு வளையத்தை, அதன்வழி அண்டைமூலை அமைப்பைக் காட்டுகிறது என்பதற்கும் எஞ்சிய எட்டு மதிப்பெண்களையும் ஒதுக்கவேண்டும்.